இரண்டு சுழியா, மூன்று சுழியா?

"கணினித் திரையைப் படம் எடுப்பதற்கும் ஒரு கட்டுரையா?" ஆண்டிதழ்க் குழுக் கூட்டத்தில் நான் தலைப்பைச் சொன்னதும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஓராண்டுக்கு முன்பு யாராவது என்னிடம் இதைச் சொல்லியிருந்தால் நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன். திரையைப் படம் எடுக்க வேண்டுமானால் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால் போதும் என்று வளர்ந்த தலைமுறை நாங்கள்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமல்ல, அதை எழுதியவருக்கே தெரியாது. ஒரு படச்சுருளில் ஒளி சற்று அதிகமாக விழுந்ததுதான் காரணம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

ஒரு பழைய ஆல்பம்

சென்ற ஆண்டு எங்கள் மொழிக்கழக அறையைத் துப்புரவு செய்தோம். இரும்பு அலமாரியின் அடித்தட்டில் பழைய ஆண்டிதழ்கள், கிழிந்த பதாகைகள், கரையான் தொட்ட நாடகப் பிரதிகள் ஆகியவற்றுக்கு நடுவே ஓர் ஆல்பம் கிடைத்தது. அட்டையில் 1996 என்று எழுதியிருந்தது. பொங்கல் விழாப் படங்களாக இருக்கும் என்று திறந்தோம். உள்ளே இருந்தவை எல்லாம் ஒரு கணினித் திரையின் படங்கள். மொத்தம் 24.

அவற்றில் 7 படங்களில் பிளாஷ் வெளிச்சம் திரைக் கண்ணாடியில் பட்டு நட்சத்திரம்போல் வெடித்திருந்தது. 5 படங்களில் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. 8 படங்கள் கை ஆடிக் கலங்கிப் போயிருந்தன. மீதி 4 படங்களில்தான் எழுத்துகள் தெரிந்தன. கறுப்புத் திரையில் வெள்ளைத் தமிழ் எழுத்துகள். அதுவும் நனைந்த தாளில் மை பரவியதுபோல் ஊதிப் பெருத்திருந்தன. புள்ளிகள் பல இடங்களில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

அது ஒரு கவிதை. பால்மரம் வெட்டப் போகும் ஒரு தாயைப் பற்றியது. என் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான். ஆகவே நான் அந்த 4 படங்களையும் விடவில்லை.

பழைய உறுப்பினர்களின் புலனக் குழுவில் கேட்டு, எழுதியவரைக் கண்டுபிடித்தோம். இப்போது வடக்கே ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். தொலைபேசியில் பேசினேன்.

"அய்யோ தம்பி, அது இன்னும் இருக்கா?" என்றார் அக்கா. "ஒரு தோழியோட கம்ப்யூட்டர்ல டைப் பண்ணேன். பிரிண்டர் கிடையாது. மறுநாள் அவங்க அண்ணன் வந்து கம்ப்யூட்டர வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகப் போறாருன்னு தெரிஞ்சு, ராத்திரியோட ராத்திரியா படம் எடுத்து வச்சோம். டிஸ்கெட் அப்புறம் கெட்டுப்போச்சு."

படங்களை அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். கடைசி வரியில் ஒரு சொல். தாயின் சேலையிலிருந்து கழுவியும் போகாதது எது என்று அந்த வரி சொல்கிறது. அது 'மணம்' என்றால் பால்வாடையும் வியர்வையும் கலந்த அந்த வாசம். 'மனம்' என்றால் பொருளே வேறு. இரண்டும் பொருந்துகிறது. படத்திலோ சுழிகள் எல்லாம் அடைபட்டு ஒரு வெள்ளைப் பொட்டாக நிற்கின்றன.

"ரெண்டையும் நெனச்சுத்தான் எழுதினேன்னு இப்பச் சொல்லிக்கலாம் தம்பி. ஆனா அது பொய். ஏதோ ஒண்ணத்தான் எழுதினேன். எதுன்னு தெரியலப்பா," என்றார். அதன் பிறகு சிறிது நேரம் அவர் பேசவில்லை.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் ரெண்டு சுழி, மூணு சுழி என்று மணலில் விரல் வைத்து எழுதிய நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒரு சுழிக்காக அன்று காதைத் திருகிய ஆசிரியையை அன்று புரிந்துகொள்ளவில்லை.

ஒளிமானி என்ன நினைக்கிறது?

படம் ஏன் அப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு என் சித்தப்பாவிடம் போனேன். அவர் ஒரு காலத்தில் திருமணங்களுக்குப் படம் எடுத்தவர். அவருடைய பழைய பிலிம் கேமராவை இரவல் வாங்கினேன். அவரிடம் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு இதற்கு மலாயில் 'டெடாஹான்' என்றும் ஆங்கிலத்தில் 'எக்ஸ்போஷர்' என்றும் கற்றேன். தமிழில் என்னிடம் சொல் இல்லை. இந்தக் கட்டுரையில் 'ஒளியளவு' என்று எழுதுகிறேன். படச்சுருளின்மேல் எவ்வளவு ஒளி விழ விடுகிறோம் என்பதே அதன் பொருள். துளையின் அகலமும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. ஒளியை இரண்டு மடங்காக்கினால் அது ஒரு 'ஸ்டாப்' கூட்டியதாகும். பாதியாக்கினால் ஒரு ஸ்டாப் குறைத்ததாகும்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தன் எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. அது தாயா, திரையா, தார்ச்சாலையா என்று அதற்குக் கவலையில்லை. எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் நடுத்தரமான ஒரு சாம்பல் நிறம் வரும் என்று எண்ணியே அது செய்யப்பட்டிருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. புல்தரை, மனித முகம், வீதி போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும்.

கணினித் திரைக்கு வராது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் திரையில் பெரும்பகுதி இருட்டு. ஒளிமானி, "ஐயோ, இருட்டாக இருக்கிறதே" என்று நினைத்து ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கச் சொல்லும். அது இருட்டைச் சாம்பலாக்கப் பார்க்கிறது. அதற்குள் எழுத்துகளிலிருந்து வரும் ஒளி படச்சுருளில் பொங்கிப் பரவி அருகிலுள்ள இருட்டையும் தின்றுவிடும். சுழியின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு இருட்டுத்தான் முதலில் போகும். வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து என்றால் தலைகீழ். "அதிக வெளிச்சம்" என்று நினைத்து ஒளியைக் குறைக்கும். வெள்ளைத்தாள் அழுக்கு வேட்டிபோல் வரும்.

அந்தக் காலத் திரைகளில் 640க்கு 480 படப்புள்ளிகள் இருந்தால் அதுவே வசதி. அதற்குள் ஒரு 'ண'வின் மூன்று சுழிகளையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு சுழியின் நடுவிலும் இரண்டு மூன்று புள்ளிகள்தான் இருட்டாக இருக்கும். ஆங்கில எழுத்து கொஞ்சம் ஊதினாலும் படித்துவிடலாம். நம் எழுத்து அப்படியன்று. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கொம்பின் சுழி அடைத்தால் 'தோடு' 'தொடு'வாகிவிடும். ஆகவே ஒளியளவு என்பது தமிழுக்கு அழகுப் பிரச்சினை அன்று, எழுத்துப் பிரச்சினை.

அச்சகத்தின் பின்னறையில்

படித்ததைச் செய்து பார்க்க எனக்கு ஒரு பழைய குழாய்த் திரை தேவைப்பட்டது. நண்பரின் உறவினர் ஒருவர் முன்பு அச்சகம் நடத்தியவர். அவருடைய கடையின் பின்னறையில் பழைய கணினி ஒன்று இன்னும் உயிரோடு இருந்தது. கறுப்புத் திரையில் ஓடும் ஒரு தமிழ்ச் செயலியும், வெள்ளைப் பக்கத்தில் எழுதும் இன்னொரு செயலியும் அதில் இருந்தன. தாம் அச்சிட்ட பல நூல்களின் முதல் பக்கங்கள் அதற்குள் இருப்பதாக ஐயா சொன்னார். அந்த எழுத்துருக் குறியீட்டை இன்றைய கணினி அறியாது. கோப்பைத் திறந்தால் பூச்சி பூச்சியாக ஏதோ தெரியும்.

இது அவருடைய கடைக்கு மட்டும் வந்த நிலை அன்று. நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய 1980களிலிருந்து 1990களின் இறுதிவரை ஒவ்வொரு மென்பொருளும் தமிழுக்குத் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அது மெல்ல மெல்லப் பரவியது. அதற்கு முன் தட்டச்சு செய்தவற்றில் எத்தனை கோப்புகள் மாற்றப்படாமல் கிடக்கின்றனவோ!

ஐயாவின் திரை முன் இரண்டு மாலைகள் செலவழித்தேன். நான் செய்தவை இவைதாம்.

ஜன்னலை அடைத்து விளக்கை அணைத்தேன். பிளாஷை அறவே நிறுத்தினேன். திரை தானே ஒளி தருவது. அதற்கு நாம் விளக்குப் பிடிக்க வேண்டியதில்லை. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, திரையின் நடுவுக்கு நேராக வைத்தேன். குழாய்த் திரையின் கண்ணாடி சற்று வளைந்திருக்கும். கிட்டே போனால் ஓரங்கள் வளைந்து தெரியும். ஆகவே 100 மில்லிமீட்டர் லென்சுடன் தள்ளி நின்றேன். ஓரங்களும் தெளிவாக இருக்கத் துளையை எஃப் 8இல் வைத்தேன். எழுத்துக்கு நிறம் தேவையில்லை என்பதால் ஐ.எஸ்.ஓ. 100 கறுப்பு வெள்ளைச் சுருள் போட்டேன். வண்ணச் சுருளாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. அது 5500 கெல்வின் பகலொளிக்குச் செய்யப்பட்டது. பல குழாய்த் திரைகள் 9300 கெல்வினில் வைக்கப்பட்டிருந்ததால் படம் நீலம் பாரிக்கும்.

அடுத்தது நேரம். குழாய்த் திரையில் படம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒரு மின்கதிர் மேலிருந்து கீழாக வரி வரியாக வரைந்துகொண்டே வரும், நொடிக்கு 60 முறைக்குக் குறையாமல். ஷட்டரை 1/125 நொடி மட்டும் திறந்தால் ஏறத்தாழப் பாதித் திரைதான் அதற்குள் வரையப்பட்டிருக்கும். மீதிதான் அக்காவின் படங்களில் விழுந்த கறுப்புப் பட்டை. 1/4 நொடி திறந்தால் கதிர் ஏறத்தாழ 15 முறை வந்து போகும். ஓரிடத்தில் ஒரு முறை கூடக் குறைய இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே 1/8 நொடியைவிட வேகமாகப் போகக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒளியளவு. கறுப்புத் திரையைக் காட்டியபோது ஒளிமானி 2 நொடி என்றது. அதே திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தபோது 1/15 நொடி என்றது. யோசித்துப் பாருங்கள். திரை அதே திரை. வெளிச்சத் திருகை நான் தொடவில்லை. வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் தரும் ஒளி ஏறத்தாழ ஒன்றுதான். மாறியது சுற்றியிருக்கும் கறுப்பும் வெள்ளையுமே. அதற்குள் ஒளிமானியின் தீர்ப்பு 5 ஸ்டாப் மாறிவிட்டது. அதாவது ஏறத்தாழ 32 மடங்கு.

சரியான விடை இரண்டுமே இல்லை. வெள்ளைப் பக்கத்தை அளந்தால் ஒளிமானி அதைச் சாம்பலாக்கும் நேரத்தைத்தான் சொல்கிறது. வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமானால் அதிலிருந்து 2 ஸ்டாப் கூட்ட வேண்டும். 1/15, 1/8, 1/4. ஆக 1/4 நொடி. அதே நேரத்தைக் கறுப்புத் திரைக்கும் வைத்தேன். ஐயத்துக்கு இடமில்லாமல் 1/8, 1/2, 2 நொடி என்றும் எடுத்தேன்.

சுருளைக் கழுவிப் பார்த்தபோது, கறுப்புத் திரைக்கு 1/8 நொடிப் படத்தில் சுழிகள் ஊசிமுனைபோல் தெளிவாக இருந்தன. 1/4 நொடியும் நன்றாகவே இருந்தது. 1/2 நொடியில் அடைக்கத் தொடங்கின. ஒளிமானி சொன்ன 2 நொடியில், அக்காவின் படத்தில் நான் கண்ட அதே வெள்ளைப் பொட்டு! 28 ஆண்டுகளுக்கு முன்பு அந்த விடுதி அறையில் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. இரவல் கேமரா சொன்னதை அவர்கள் நம்பியிருப்பார்கள். வெள்ளைப் பக்கத்துக்கு ஒளிமானி சொன்னபடி எடுத்த படமோ மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. எழுத்தைத் தின்றது கறுப்புப் பின்னணியில் நேர்ந்த தவறுதான்.

இன்றைய தட்டைத் திரையை எடுப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. ஓவியச் செயலியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் 118 என்று வைத்துத் திரை முழுவதையும் நிரப்புங்கள். பொதுவாகத் திரைகள் இயங்கும் முறைப்படி அது வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் தரும். ஒளிமானி தேடும் சாம்பல் அதுவே. அதை அளந்து கேமராவைக் கைமுறையில் பூட்டிவிட்டு, பிறகு எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் எடுக்கலாம். தட்டைத் திரையில் மின்கதிர் இல்லையென்றாலும் பின்விளக்கு சிமிட்டக்கூடும். ஆகவே மெதுவான ஷட்டரே பாதுகாப்பு.

படம் கழுவும் கடையின் சராசரி

இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆல்பத்தின் பின்னுறையில் அந்த 1996 சுருளின் நெகட்டிவ் இருந்தது. அதை வருடிப் பார்த்தோம். என்ன வியப்பு! அச்சிட்ட படத்தில் படிக்கவே முடியாத பல புள்ளிகள் நெகட்டிவில் இருந்தன.

காரணம் எளிது. படம் கழுவும் கடைகளின் அச்சு இயந்திரமும் சராசரி பார்ப்பதுதான். இருட்டுப் படம் வந்தால் அதை வெளுக்கும். வெள்ளைப் படம் வந்தால் அதைச் சாம்பலாக்கும். கேமரா ஒரு முறை சராசரி எடுத்ததை இயந்திரம் இன்னொரு முறை சராசரி எடுத்தது. நெகட்டிவ் சுருளோ அதிக ஒளியை 2 அல்லது 3 ஸ்டாப் வரை தாங்கிக்கொள்ளும் பிள்ளை. குறைந்த ஒளியைத்தான் தாங்காது. ஸ்லைடு சுருள் அப்படியன்று. அதில் அரை ஸ்டாப் தவறினாலே தெரிந்துவிடும். விரிவுரைகளுக்கு ஸ்லைடு காட்டிய காலத்தில் திரையைப் படம் எடுப்பது பலருக்கு அன்றாட வேலை. கோடாக் நிறுவனம் 2004இல் ஸ்லைடு ஒளிவீழ்த்திகள் செய்வதை நிறுத்தியது. அவற்றோடு அந்தக் கைத்திறனும் நம்மைவிட்டுப் போய்விட்டது.

நெகட்டிவ் தயவால் கவிதையின் பெரும்பகுதியை மீட்டோம். மூன்று இடங்களில் புள்ளியும் ஓரிடத்தில் இரட்டைக் கொம்பும் உறுதியாயின. அந்தக் கடைசிச் சொல் மட்டும் மீளவில்லை. அங்கே ஒளி பொங்கியது சுருளிலேயே. சுருளில் இல்லாததை எந்தக் கடையும் தர முடியாது.

கைப்பேசி போதாதா?

கூட்டத்தில் எழுந்த அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி. இன்றைய கணினியில் இருப்பதைப் பாதுகாக்கத் திரைப்பிடிப்பே போதும். அதற்கும் பிலிம் சுருள் வாங்குவது வீண் செலவு. சுருளும் கழுவும் கூலியும் சேர்ந்தால் ஒரு மாணவனின் பல நாள் சாப்பாட்டுக் காசு போய்விடும். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் பழைய கணினியிலிருந்து எதையும் வெளியே எடுக்க வழியில்லாதபோது திரையைப் படம் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கைப்பேசியும் சராசரி பார்க்கும் கருவிதான். அதோடு, குழாய்த் திரையின் புள்ளி வரிசையும் கைப்பேசி உணரியின் புள்ளி வரிசையும் மோதி அலையலையாகக் கோலம் விழும். பிலிமில் அந்தக் கோலம் விழாது, ஏனெனில் அதன் மணிகள் வரிசையாக இல்லை. மேலும் நாம் இந்த இக்கட்டுக்கு வந்ததே கோப்பைத் திறக்கும் மென்பொருள் செத்துப்போனதால்தான். நெகட்டிவைப் பார்க்க மென்பொருள் வேண்டாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும். ஆகவே கைப்பேசியில் ஒன்று, பிலிமில் ஒன்று எடுங்கள் என்கிறேன். கைப்பேசியில் எடுக்கும்போதும் வெள்ளை எழுத்தைத் தொட்டுப் பூட்டி ஒளியைக் குறைத்துவிட்டு எடுங்கள்.

"செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் தெளிவாக்கித் தந்துவிடுமே" என்றார் இன்னொருவர். கொடுத்துப் பார்த்தோம். அழகான 'மணம்' ஒன்றைத் தந்தது. மூன்று சுழியும் அச்சுப்போல் இருந்தன. அக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது அவர் எழுதிய சொல் அன்று. கோடிக்கணக்கான வரிகளைப் பார்த்துப் பழகிய ஒரு கருவி, சேலை என்றால் மணம் என்றுதான் பெரும்பாலும் வரும் என்று எண்ணி வைத்த சொல். அதுவும் ஒருவகைச் சராசரியே. ஒளிமானியின் சராசரி சுழியை அழித்தது. இந்தச் சராசரி இல்லாத சுழியை வரைகிறது. இரண்டாவதே ஆபத்தானது என்பது என் கருத்து. அழிந்தது அழிந்ததாகத் தெரிந்தால் நாம் தேடிக்கொண்டாவது இருப்போம். நிரப்பிவிட்டால் தேடவும் மாட்டோம்.

ஆகவே நண்பர்களே

நான் சொல்ல வந்தது இதுதான். ஒளிமானியைக் குறை சொல்வதில் பயனில்லை. அது தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். திரையில் முக்கியமானது பின்னணி அன்று, எழுத்து. எழுத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். வெள்ளையை அள, இரண்டு ஸ்டாப் கூட்டு, கறுப்புப் பின்னணியானால் அதில் ஒன்றைக் குறைத்தும் ஒன்று எடு. இவ்வளவுதான் வித்தை. இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிவிடலாம். 1996இல் இந்தத் துண்டுத் தாள் தமிழில் இருந்து, அந்த விடுதி அறைச் சுவரில் யாராவது ஒட்டியிருந்தால், இன்று ஒரு கவிதைக்கு அதன் கடைசிச் சொல் இருந்திருக்கும்.

"அச்சுல ஒரு எழுத்து தப்பா விழுந்தா மறுபடியும் கோத்து அடிச்சுக்கலாம் தம்பி," என்றார் அச்சக ஐயா நான் விடைபெறும்போது. "ஆனா கோக்குறதுக்கு மூலம் இருக்கணும்ல?"

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வீட்டு மாடிகளிலும் கோயில் அலுவலகங்களிலும் பழைய கணினிகள் இன்னும் சில தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றுக்குள் ஆலய ஆண்டறிக்கை, திருமண அழைப்பு, நாடக வசனம், யாரோ ஓர் அக்கா எழுதிய கவிதை என்று என்னவெல்லாமோ இருக்கும். அந்தத் திரைகள் இன்னும் எத்தனை முறை எரியும் என்று சொல்ல முடியாது. உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ அப்படி ஒன்று இருந்தால் எங்கள் கழகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். முக்காலியோடு நான் வருகிறேன். பிளாஷ் கொண்டுவர மாட்டேன்.

அக்காவின் கவிதையை இந்த இதழிலேயே வெளியிடலாம் என்று குழு முடிவு செய்தது. அந்தச் சொல்லை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டோம்.

"அந்த எழுத்துக்கு எடம் விட்ருங்க தம்பி. ஞாபகம் வந்தா நானே எழுதிக்கிறேன்," என்றார்.

இடம் விட்டிருக்கிறோம்.